மிஷினைத் தூக்கிப் பார்த்து வாங்குங்கள்

கத்தரிக்காயைக்கூட நாம் அழுத்திப் பார்த்துத்தான் வாங்குகிறோம். மண்சட்டி வாங்கினால் தட்டி ஓசை கேட்கிறோம். ஆனால் தையல் மிஷின் வாங்கப் போனால் மட்டும் நம் பெண்கள் ஒதுங்கி நின்று, கூட வந்த வீட்டுக்காரரும் கடைக்காரரும் பேசிக்கொள்வதைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். என்ன கலர், எத்தனை டிசைன் விழும், கூட என்ன இலவசம்? இவ்வளவுதான் பேச்சு. அந்த மிஷினை இரண்டு கையாலும் தூக்கி, கடை வாசல் வரை நடந்து பார்த்து, பிறகு விலை பேசிய பெண் யாராவது உண்டா? நான் பார்த்ததில்லை.

"வீட்டுல ஒரு மூலையில கெடக்கப்போற சாமான், அதை ஏன் தூக்கணும்?" என்று கேட்பீர்கள். அந்த மூலையைப் பற்றித்தான் எழுத வந்தேன்.

நாங்கள் தச்சநல்லூரில் பதினொரு பேர் ஒரு குழுவாக இருக்கிறோம். பாதிப் பேர் பீடி சுற்றுகிறவர்கள், மீதிப் பேர் என்னைப்போல வீட்டோடு இருப்பவர்கள். பழைய பருத்திச் சேலைகளை மடித்து, அடுக்கி, வரிவரியாகத் தையல் ஓட்டிப் போர்வையும் பிள்ளைகளுக்கான விரிப்பும் தைக்கிறோம். ஒரு சேலையை நாலாக மடித்தால் நாலரை அடி நீளம், நாலடிக்குக் கொஞ்சம் குறைய அகலம் கிடைக்கும். நடுவில் பழைய சாரத்தையோ துண்டையோ வைத்தால் ஐந்தாறு அடுக்கு. ஓரத்தை மடக்கித் தைக்கிற இடத்தில் பத்துப் பன்னிரண்டு அடுக்குக்கூட வந்துவிடும். பிள்ளை பெற்ற வீடுகளில் இதை ஆசையாகக் கேட்கிறார்கள். புதுத்துணி மெத்தை எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும், ஆச்சி கட்டிப் பழசான சேலையின் மெதுமை அதில் வருமா?

இது புது யோசனை ஒன்றும் இல்லை. வங்காளத்தில் காந்தா, பீகாரில் சுஜனி, மகாராஷ்டிரத்தில் கோதடி, கர்நாடகத்தில் கவுதி என்று ஊருக்கு ஒரு பெயர். கர்நாடகத்தில் எல்லாப்பூர், ஹளியாள் பக்கம் இருக்கும் சித்தி இனப் பெண்கள் ஓரத்தில் ஆரம்பித்துச் சுற்றிச் சுற்றி நடுவுக்கு வந்து கையாலேயே தைத்து முடிக்கிறார்கள். அமெரிக்காவில் அலபாமா மாநிலத்தில், உழுது பிழைத்த கறுப்பினப் பெண்கள் கிழிந்த வேலை உடுப்புகளை ஒட்டுப்போட்டுத் தைத்த போர்வைகளை 2002-ல் பெரிய கலைக்கூடத்தில் மாட்டி வைத்தார்கள். 2006-ல் அந்தப் போர்வைகளைத் தபால்தலையிலும் போட்டார்கள். நம் வீட்டில் அதே சாமான் கட்டிலுக்கு அடியில் கிடக்கிறது.

"அவுகள்லாம் கையாலதான தைக்காக, ஒங்களுக்கு மட்டும் மிஷின் எதுக்கு?" என்று எங்கள் குழுவில் உள்ள ஒரு பெரியம்மையே கேட்டார்கள். காலையிலிருந்து இலை வெட்டி, பீடி சுற்றிக் கட்டிய விரலில் மறுபடி ஊசியைக் கொடுத்து நூறு வரி ஓட்டச் சொன்னால், அது எப்படி முடியும்? கையால் தைத்தால் ஒரு போர்வைக்கு எத்தனையோ நாள் ஆகிறது. மிஷினில் அடுக்கு சரியாக அமைந்துவிட்டால் ஒரு மத்தியானத்தில் முடிந்துவிடும். இயந்திரம் வேண்டாம் என்று அவ்வளவு பேசிய காந்திஜியே 1924-ல் தையல் மிஷினுக்கு மட்டும் விலக்குக் கொடுத்தார் என்பதைப் பெரியம்மையிடம் சொன்னேன். அதற்கப்புறம் அவர்கள் பேசவில்லை.

இப்போது மூலைக்கு வருகிறேன். எங்களிடம் இருப்பது ஒரே ஒரு கால் மிஷின். கருப்பு இரும்புத் தலை, கீழே இரும்பு ஸ்டாண்டு, பெல்ட்டு, பெடல். அது ஒரு மைனி வீட்டுத் திண்ணையை ஒட்டிய அறையில் இருக்கிறது. மைனி தங்கமானவர்கள். ஆனாலும் மிஷின் எந்த வீட்டில் இருக்கிறதோ அந்த வீட்டுக்குத்தான் வேலை போகிறது. மைனி வீட்டுக்கு விருந்தாள் வந்தால் தையல் நின்றுவிடும். மைனியின் மாமியார் மத்தியானம் கண் அசந்தால் மிஷின் சத்தம் கூடாது. மைனி வீட்டு அண்ணாச்சி வீட்டில் இருக்கும் நாளில் நாங்கள் போக மாட்டோம். இதில் யார்மேலும் குற்றம் இல்லை. மிஷின் நகராது, அதனால் நாங்கள்தான் நகர வேண்டியிருக்கிறது.

நகர முடியாதவள் என்ன செய்வாள்? எங்களில் இளையவளுக்கு இருபத்து மூன்று வயது, கையில் ஏழு மாதக் குழந்தை. மூலை மடக்கித் தைப்பதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. நாலு தெரு தாண்டி வந்து இரண்டு மணி நேரம் உட்கார அவள் மாமியார் விடுவதில்லை. "வீட்டுல இருந்து செய்யட்டும், நான் வேண்டாம்னா சொல்லுதேன்?" என்கிறார்கள். சரிதான், ஆனால் வீட்டிலிருந்து எதை வைத்துச் செய்வது? தைத்த உருப்படியைக் கணக்குப் பார்த்துத்தான் நாங்கள் பணம் பிரிக்கிறோம். நாலு மாதமாக அவள் பங்கில் ஒன்றும் இல்லை. இப்படியே போனால் குழுவை விட்டே நின்றுவிடுவாள். நோட்டில் பேர் மட்டும் இருக்கும்.

அதனால்தான் குழுவின் சேமிப்பிலிருந்து ஒரு மிஷின் வாங்கலாம் என்ற பேச்சு வந்தபோது, அது தூக்கிக்கொண்டு போகிற மிஷினாக இருக்க வேண்டும் என்று நான் பிடிவாதமாக நிற்கிறேன். மாதத்துக்கு இரண்டு வீடு என்று அது சுற்றி வரட்டும்.

"குடம் தூக்குத பொம்பளைக்கு மிஷின் பாரமாக்கும்?" என்று ஆண்கள் சிரிக்கிறார்கள். கணக்குப் பார்ப்போம். கால் மிஷினில் தலை மட்டுமே பத்துப் பன்னிரண்டு கிலோ. ஸ்டாண்டைத் தூக்க இரண்டு ஆள் வேண்டும். கை மிஷின் என்றால் அதே தலையோடு மரப்பெட்டியும் மூடியும் சேர்ந்து பதினைந்து கிலோ பக்கம் வரும். ஒரு குடம் தண்ணீரும் ஏறக்குறைய அவ்வளவுதான், வாஸ்தவம். ஆனால் குடம் இடுப்புக்கென்றே வளைந்திருக்கிறது. மிஷின் பெட்டியை இடுப்பில் வைத்தால் அதன் மூலை விலாவில் குத்தும். ஒரு கையில் தொங்கவிட்டால் தோள்பட்டை இறங்கிப்போகும். இன்னொரு கையில் குழந்தை. ஆபரேஷன் செய்து பிள்ளை பெற்றவர்கள் எங்கள் பதினொரு பேரில் ஐந்து பேர், கர்ப்பப்பை எடுத்தவர் ஒருவர். இவர்களைப் பதினைந்து கிலோ தூக்கச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. மிஷினை நகர்த்த ஒவ்வொரு தடவையும் வீட்டு ஆணைக் கூப்பிட வேண்டும் என்றால், அவருக்கு ஒழிந்த நேரத்தில்தான் நமக்கு வேலை நடக்கும்.

தூக்கிப் போகிற மிஷினைப் பற்றி நாம் இப்போது பேசுகிறோம். அமெரிக்காவில் சிங்கர் கம்பெனி 1933-லேயே இதைச் செய்துவிட்டது. இரும்புக்குப் பதில் அலுமினியத்தில் வார்த்து, பக்கவாட்டுப் பலகையை மடக்கிக்கொள்ளும்படி வைத்து, 'ஃபெதர்வெயிட்', அதாவது இறகுக்கனம் என்று பெயர் வைத்தார்கள். மொத்தம் ஐந்து கிலோதான். 1960-களின் கடைசியோடு அதைச் செய்வதை நிறுத்திவிட்டாலும், கூட்டமாக உட்கார்ந்து ஒட்டுப்போர்வை தைக்கும் பெண்கள் இன்றைக்கும் அதைத் தேடிப் பிடித்துப் பழுது பார்த்துப் பெட்டியோடு தூக்கிப் போகிறார்கள். இதில் கவனிக்க வேண்டியது, அந்த மிஷினில் ஒரே ஒரு தையல்தான் விழும். நேர்த்தையல். நாற்பது டிசைன், அறுபது டிசைன் என்று கடையில் படம் காட்டி மயக்குகிறார்களே, போர்வைக்கு அதில் ஒன்றுகூடத் தேவையில்லை. ஒரு நேர்த்தையல், ஓரம் பிரியாமலிருக்க ஒரு ஜிக்ஜாக். மீதி எல்லாம் விலையைக் கூட்டத்தான்.

நம் ஜில்லாவிலேயே இதற்கு இன்னும் பழைய கதை உண்டு. இடையன்குடியில் கால்டுவெல் ஐயரின் மனைவி எலிசா அம்மையார் பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தது நூற்றெழுபது வருஷத்துக்கு மேல் ஆன சங்கதி. அதற்கு வேண்டியது ஒரு திண்டு, கொஞ்சம் ஊசி, நூல் சுற்றிய சின்னக் கட்டைகள். மடியில் வைத்துக்கொள்ளலாம், பிள்ளை அழுதால் எடுத்து ஓரம் வைக்கலாம். வேலை பெண் இருக்கும் இடத்துக்குப் போனது. நாம் மிஷினுக்கு வந்த பிறகு அந்த வசதியைத் தொலைத்துவிட்டோம்.

அதற்காக, கனம் குறைவாக இருந்தால் போதும் என்று கண்ணை மூடிக்கொண்டு வாங்கிவிடாதீர்கள். போனில் விளம்பரம் காட்டி, பேட்டரியில் ஓடும் என்று ஒரு கிலோவுக்கு ஒரு மிஷின் விற்கிறார்கள். என் சித்தி மகள் ஆசைப்பட்டு வரவழைத்தாள். உள்பாவாடை ஓரம் அடிக்கிற வரைக்கும் சமர்த்தாக ஓடிற்று. சேலையை நாலாக மடித்து வைத்ததும் ஊசி இறங்காமல் அழுதது. இப்போது அவள் பையன் அதை வைத்து விளையாடுகிறான். ஒட்டுப்போர்வை தைக்கிற மிஷினுக்கு ஐந்திலிருந்து ஏழு கிலோ இருப்பதுதான் நல்லது. வெளியே பிளாஸ்டிக்காக இருக்கட்டும், உள்ளே சட்டம் உலோகமா என்று கேளுங்கள். அதற்கும் குறைந்தால் மிஷின் மேஜைமேல் தானே நடக்க ஆரம்பித்துவிடும். ஓரளவு நடப்பதற்கு மருந்து உண்டு. பழைய சைக்கிள் ட்யூபை வெட்டி நாலு காலுக்கும் அடியில் வைத்தால் நின்றுகொள்ளும்.

கடைக்குப் போகும்போது கையில் சாம்பிள் துணி கொண்டு போங்கள். கடைக்காரர் ஒரு முழத் துணியை இரண்டாக மடித்து, சர்ரென்று ஓட்டிக் காட்டுவார். அது எல்லா மிஷினிலும் ஓடும். நீங்கள் நிஜமாகத் தைக்கப்போகிற கனத்தில், சேலையும் டர்க்கித் துண்டுமாக எட்டு அடுக்கு வைத்து, பதினாறாம் நம்பர் ஊசி போடச் சொல்லி, பெடலை நீங்களே மிதித்துப் பாருங்கள். துணியை அழுத்துகிற பாதம் எவ்வளவு உயரம் எழும்புகிறது, அடுக்கு அதற்குள் நுழைகிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். நுழையவே இல்லையென்றால் மேற்கொண்டு பேச்சே வேண்டாம். தையல் நடுநடுவே விட்டுப்போகிறதா, கீழே நூல் கொசகொசவென்று சேர்கிறதா, கனத்த இடத்தில் மோட்டார் முனகுகிறதா என்று பாருங்கள். அந்த இடத்தில் பெடலை விட்டுவிட்டு, பக்கச் சக்கரத்தைக் கையால் சுற்றி நாலு தையல் தாண்டிக்கொள்ளலாம். சக்கரம் கைக்கு இதமாகச் சுற்ற வேண்டும்.

இன்னொன்று பலருக்குத் தெரிவதில்லை. மிஷினில் கீழே இருக்கிற பற்கள் அடித்துணியைத்தான் இழுக்கும், மேல்துணி பின்தங்கும். இரண்டு அடுக்கில் அது தெரியாது. ஆறு அடுக்கில் போர்வை முடியும்போது மேல்சேலை ஒரு விரற்கடை நீண்டு, மொத்தமும் கோணிக்கொண்டு நிற்கும். மேல்துணியையும் சேர்த்து நகர்த்துகிற பாதம் ஒன்று இருக்கிறது. 'வாக்கிங் ஃபுட்' என்று கேட்டால் கொடுப்பார்கள். நாம் வாங்குகிற மிஷினுக்கு அது பொருந்துமா என்று பணம் கட்டுவதற்கு முன்னால் கேட்டுக்கொள்ள வேண்டும். அதோடு, நடுவில் ஆரம்பித்து ஓரத்துக்குத் தைத்துக்கொண்டு போனால் கோணல் பாதி குறையும். ஊசிக்கும் வலதுபக்கத் தூணுக்கும் நடுவே உள்ள இடம் வீட்டு மிஷின்களில் ஒரு சாண் அளவுக்கும் குறைவுதான். பாதிப் போர்வையைச் சுருட்டி அதற்குள்தான் விட வேண்டும். பிள்ளை விரிப்பு, ஒற்றைக் கட்டில் போர்வை வரை சமாளிக்கலாம். அதற்குமேல் பெரிசு என்றால் இரண்டு பாதியாகத் தைத்து இணைப்பதுதான் வழி.

ஊசி, பாபின், பாபின் கேஸ் இவை நம் டவுணிலோ ஜங்ஷனிலோ கிடைக்கிறதா என்று விசாரித்துவிட்டு வாங்குங்கள். ஒரு பாபினுக்காக மெட்ராஸுக்கு ஆள் அனுப்பவா முடியும்? கனம் குறைந்த மிஷினில் எனக்குப் பிடித்த இன்னொரு சௌகரியம், பழுதானால் பையில் போட்டு பஸ் ஏறி நாமே கடைக்குக் கொண்டுபோய்விடலாம். கால் மிஷினுக்கு மெக்கானிக் வீட்டுக்கு வர வேண்டும். வருகிறேன் என்பார், வர மாட்டார். வந்தால் வீட்டில் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து வருவார்.

கரண்ட் பில் என்ன ஆகும் என்று இவுக கேட்டாக. இந்த மிஷின்களில் மோட்டார் எழுபதிலிருந்து நூறு வாட்ஸ்தான் இருக்கும். ஒரு சீலிங் ஃபேன் இழுக்கிற கரண்ட். பத்து மணி நேரம் விடாமல் தைத்தால் ஒரு யூனிட். இரண்டு மாதத்துக்கு நூறு யூனிட் இலவசமாகக் கொடுக்கும் ஊரில் இதற்குப் போய்ப் பயப்படலாமா? கரண்ட் போனால் தையல் நிற்கும் என்பது மட்டும் நிஜமான குறை. அந்த இடத்தில் கை மிஷினும் கால் மிஷினும்தான் ராஜா.

பழைய இரும்பு மிஷினை நான் மட்டமாகப் பேசவில்லை. உஷா மிஷின் 1930-களில் கல்கத்தாவில் செய்ய ஆரம்பித்தார்கள். அந்தக் காலத்துத் தலைகள் எண்ணெய் விட்டால் இன்னும் ஓடுகின்றன. பிளாஸ்டிக் மிஷின் மூன்று தலைமுறைக்கு வராது. உள்ளே நைலான் பல்சக்கரம் இருந்தால் ஒருநாள் தேயத்தான் செய்யும். மைனி இதைத்தான் சொல்கிறார்கள், சொல்வது நியாயம். ஆகையால் கால் மிஷினைக் கொடுத்துவிட்டு இதை வாங்குவோம் என்ற யோசனையை நான் ஒத்துக்கொள்ளவில்லை. அது இருந்த இடத்தில் இருந்து கனத்த இணைப்புகளைத் தைக்கட்டும், சின்னது ஊர் சுற்றட்டும்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை நெல்லைக்காரர்கள் யாரும் மறக்க மாட்டோம். தாமிரபரணி பெருகி ஜங்ஷன் பக்கமும் கொக்கிரகுளத்திலும் தண்ணீர் ஏறியபோது, சிந்துபூந்துறையில் எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் பெண்ணும் மாமியாருமாக அரிசி, ரேஷன் கார்டு, பிள்ளைகளின் புஸ்தகம் எல்லாவற்றையும் மாடிக்கு ஏற்றிவிட்டார்கள். கால் மிஷினை அவர்களால் அசைக்க முடியவில்லை. தண்ணீர் வடிந்து பார்த்தால் பெடல் வரைக்கும் சேறு, தலைக்குள் வண்டல், அதில் மாட்டியிருந்த மோட்டார் போயே போய்விட்டது. தலையைக் கழற்றி மண்ணெண்ணெயில் கழுவி ஓட்டிவிட்டார்கள், இரும்பல்லவா. ஆனால் ஒரு மாதம் தையல் கூலி இல்லை. அந்த மாதம்தான் கூலி ரொம்பத் தேவைப்பட்டது.

அரசாங்கத்துக்கும் ஒரு வார்த்தை. சத்தியவாணி முத்து அம்மையார் பெயரில் விதவைகளுக்கும் கணவனால் கைவிடப்பட்டவர்களுக்கும் ஏழைப் பெண்களுக்கும் இலவசத் தையல் மிஷின் கொடுக்கும் திட்டம் இருக்கிறது. மாற்றுத்திறனாளிகளுக்கு மோட்டார் வைத்த மிஷின் கொடுக்கிறார்கள். நல்ல திட்டங்கள், எத்தனையோ வீட்டில் அடுப்பு எரிவது இவற்றால்தான். விழாக்களில் வரிசையாக நிற்பது ஸ்டாண்டு வைத்த மிஷின்தான் என்பதைத்தான் நான் சொல்ல வருகிறேன். கைவிடப்பட்ட பெண் வாடகை வீட்டில் இருப்பாள், இல்லை அண்ணன் வீட்டில் ஒரு ஓரத்தில் இருப்பாள். வீடு மாறும் ஒவ்வொரு தடவையும் அவளுக்கு ஆட்டோக் கூலி. 'ஸ்டாண்டு மிஷினா, தூக்கிப் போகிற மிஷினா, எது வேண்டும்?' என்று விண்ணப்பத்தில் ஒரு வரி சேர்த்துக் கேட்டால் என்ன? கேட்கிற மனுவை எங்கள் குழுவே எழுதிக்கொண்டிருக்கிறது. மற்ற ஊர்க் குழுக்களும் எழுதினால் பலம்.

எங்கள் மிஷினுக்கு விலை பன்னிரண்டாயிரத்திலிருந்து பதினைந்தாயிரத்துக்குள் ஆகும் என்று இரண்டு கடையில் சொன்னார்கள். ஒரு கடையில், எட்டு அடுக்கு வைத்துப் பார்க்க விடமாட்டோம், ஊசி உடையும் என்றார்கள். உடைந்தால் ஊசிக்குக் காசு தருகிறோம் என்றாலும் சம்மதிக்கவில்லை. அந்தக் கடையை விட்டாயிற்று. அடுத்த கடையில் தைத்துப் பார்த்தோம். ஆறு கிலோவுக்குக் கொஞ்சம் கூடுதலான மிஷின் எட்டு அடுக்கையும் தைத்தது, பத்தாவது அடுக்கில் சக்கரத்தைக் கையால் சுற்ற வேண்டி வந்தது. எங்கள் பெரியம்மையே ஒரு கையால் அதைத் தூக்கிக் கடை வாசல் வரை போய்த் திரும்பினார்கள்.

ஊசி உடைத்தவர் ஊசி வாங்க வேண்டும், மிஷின் வீடு மாறும்போது துடைத்து எண்ணெய் விட்டுக் கொடுக்க வேண்டும், வீட்டுப் பிள்ளைகள் தொடக்கூடாது என்று நோட்டில் எழுதிவிட்டோம். முதல் பதினைந்து நாள் யார் வீட்டில் இருப்பது என்பதில்தான் இன்னும் தீரவில்லை. கைக்குழந்தைக்காரி வீட்டுக்குத்தான் முதலில் போக வேண்டும் என்று நான் சொல்லியிருக்கிறேன். வருகிற வெள்ளிக்கிழமை கூட்டத்தில் முடிவாகும்.

— ஒரு வாசகி, தச்சநல்லூர், திருநெல்வேலி